மேரி சாமர்வில் அம்மையார்

கணிதம் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நெஞ்சங் கலங்கும் மாணாக்கர் பலர். அக்கலை சிலர்க்கே பிறவியில் வாய்ப்பதென்றும், ஏனையோர்க்கு எஞ்ஞான்றும் எய்தாதென்றும் அவர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையென்பதை இவ்வம்மையாரின் சரித்திரம் காட்டும்.

இவர் 1780-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்து ஜெட்பர்க் நகரிற் பிறந்தார். பத்தாம் பிராயத்திலும் நன்கு எழுதப் படிக்க அறியார். விடுதிப் பள்ளியிற் பயின்றது ஓராண்டே. பின்னர்ப் பெண்டிர் பத்திரிகை யொன்றிற் கண்ட புதிரில் எக்ஸ், ஒய் என்னும் எழுத்துக்கள் விரவியிருக்க, அவை யாவையென வினவிப் பீஜகணிதம் என்பதொன்று உண்டென அறிந்தார். தம்பியின் உபாத்தியாயர் வாயிலாக யூக்ளிட் நூலைப் பெற்று இரவெல்லாம் பயின்றார். பெற்றோர் அதனை விரும்பாது மெழுகுவர்த்தியை அகற்றுவித்தனர். அம்மையாரோ, முன் கற்ற ஆறு புத்தகங்களின் நிரூபணங்களை இருளிற் படுத்தவாறே மனத்தால் நிகழ்த்தி வந்தார்.

முதற் கணவர் மகளிர் கல்வியை மதித்தாரல்லர். அவர் 1807-இல் இறந்தார். கைக்குழந்தையோடிருந்தும் அம்மையார் கணிதத்தைக் கைவிடாது, 1811-இல் ஒரு கணிதப் பத்திரிகையின் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1812-இல் மணந்த சாமர்வில் என்பார் அவர்க்கு உறுதுணையாயினர்.

1827-இல் லாப்லாஸின் வானநூலை ஆங்கிலத்தில் விளக்குமாறு புரூம் பிரபு வேண்டினார். அப்பொழுதும் அச்சம் அவரை விட்டிலது. முயற்சி வாய்க்காதாயின் கையெழுத்துப் பிரதியை நெருப்பிலிட வேண்டும் என்னும் நிபந்தனையோடே இசைந்தார். 1831-இல் வெளிவந்த அந்நூல் கேம்பிரிட்ஜில் பாடநூலாயிற்று.

1872-இல் நேப்பிள்ஸ் நகரில், 91-ஆம் பிராயத்தில் இறக்குங்காறும் கணிதம் பயின்றார். இன்று விடுபடாத கணக்கை நாளை மீண்டும் எடுப்பதே அவர் வழக்கம்.

மாணாக்கர்காள்! அச்சமின்மையால் அவர் வென்றாரல்லர். அஞ்சியும் விடாமையாலே வென்றார்.