டிரில் மாஸ்டரை ஆசிரியராக்கிய அமெரிக்கர்

சின்னக்கானல் போன்ற மலையூர்களில் கிரிக்கெட் ஆடினால் பந்து தேயிலைச் சரிவில் உருண்டு போய்விடும். கூடைப்பந்துக்கு அந்தக் கவலை இல்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, இரு முனையிலும் கம்பம் நட்டுப் பத்தடி உயரத்தில் வளையம் மாட்டினால் போதும், பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். பக்கத்தில் விசிலோடு நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியரின் தொழிலுக்கு நம் தென்னாட்டில் அடித்தளமிட்டவர் ஹாரி குரோ பக் என்பது பலருக்குத் தெரியாது.

1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர் பக். ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்றவர். அந்தக் கல்லூரியில்தான் 1891-ல் குளிர்காலத்து மாணவர்களை அடக்க வழி தெரியாமல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் மாடக் கைப்பிடியில் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அன்று வகுத்த விதிகள் 13. நெய்ஸ்மித் பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். அவரது அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60! ஆட்டத்தைப் படைத்தவருக்கே இந்தக் கதி. வெற்றிக் கணக்கை வைத்து மட்டும் பயிற்சியாளரை எடை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒய்.எம்.சி.ஏ. சார்பில் 1919-ல் பக் இந்தியா வந்தார். அப்போது பள்ளிகளில் விளையாட்டு என்றால் டிரில்தான். பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர் யாராவது வந்து, வரிசையில் நிறுத்தி, இடம் வலம் திருப்பிவிட்டுப் போவார். சம்பளமும் சொற்பம், மரியாதையும் சொற்பம். பெற்றோரும் படிப்பு வேறு, ஆட்டம் வேறு என்றே இருந்தார்கள். இந்த வேலைக்கும் உடற்கூறும் கற்பிக்கும் முறையும் படித்த ஆசிரியர் வேண்டும் என்று நினைத்த பக், 1920-ல் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். சேர்ந்த மாணவர்கள் ஐந்தே பேர். வேறொருவராயிருந்தால் மூட்டை கட்டியிருப்பார். பக் விடவில்லை. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான்.

நான்கு ஆண்டுகளில் அடுத்த பொறுப்பு வந்தது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் சென்ற இந்திய ஓட்டக் குழுவுக்கு அவரே பயிற்சியாளர், மேலாளர். அக்குழுவில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடியவர் கண்ணூர்க்காரரான சி.கே. லட்சுமணன். கேரளத்தின் முதல் ஒலிம்பிக் வீரர் அவரே. பிற்காலத்தில் ராணுவ மருத்துவராகப் பேர் பெற்றார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-ல் உருவாவதற்கு அந்தப் பயணமும் ஒரு படியாக அமைந்தது.

பக் மேல்நாட்டு ஆட்டங்களை மட்டும் சுமந்துகொண்டு வந்தவரல்லர் என்பதுதான் என்னைக் கவர்ந்த செய்தி. நம் தெருவில் ஆடிய சடுகுடு போன்ற ஆட்டங்களையும் பாடத்தில் சேர்த்தார். ஊருக்கு ஊர் மாறுகிற ஆட்டத்தைப் போட்டியாக நடத்த முடியாதல்லவா? ஆகவே ஆட்ட விதிகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். பள்ளிக்கூட ஆசிரியர்கள் நெடுங்காலம் கையோடு வைத்திருந்த புத்தகம் அது.

இடநெருக்கடியால் கல்லூரி பின்னர் சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் விரிந்த நிலத்துக்கு மாறியது. 1934-ல் தில்லியில் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. 1936-ல் பெர்லினில் கூடைப்பந்து ஒலிம்பிக் ஆட்டமாயிற்று. அங்கே நெய்ஸ்மித்தும் வந்திருந்து பார்த்தார்.

எங்கள் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த பையன்களைப் பார்க்கிறேன். கூலிக்காரர் பிள்ளைகளும் உண்டு. ஒவ்வொருவரும் நன்றியோடு சொல்வது ஏதாவதொரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரின் பெயரைத்தான். அந்த மாஸ்டர் எங்கே படித்தார் என்று விசாரித்தால் பெரும்பாலும் பக் போட்ட வழியில்தான் போய் நிற்கும்.

பக் 1943 ஜூலையில், 58 வயதில் காலமானார். கடைசிவரை அவரே முதல்வர். சென்னை செல்லும் நம்மவர்கள் அண்ணா சாலையில் நந்தனம் வழியாகப் பேருந்தில் போகும்போது எட்டிப் பார்த்தால், அந்தக் கல்லூரியின் பெயர்ப் பலகை கண்ணில் படும்.