3 பந்துதானேன்னு ஹெல்மெட் போடல... யார் இந்த ராமன் லம்பா?

சர்வதேச கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனுக்கு முன்னால், ரொம்பப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டருக்கு ஹெல்மெட் கட்டாயம். 2023 ஜூன் 1-ல்தான் ஐசிசி இதைக் கொண்டுவந்தது. அதற்கு 25 வருஷம் முன்பே, அதே இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்று உயிரை விட்டவர் ராமன் லம்பா.

யார் இவர்?

1960-ல் மீரட்டில் பிறந்தவர். டெல்லி அணியின் தொடக்க ஆட்டக்காரர். இந்தியாவுக்காக 4 டெஸ்ட், 32 ஒருநாள் போட்டிகளில் ஆடினார். 1987-88 துலீப் டிராபி இறுதிப் போட்டியில் 320 ரன் குவித்தார். இந்திய அணியில் இடம் போன பிறகும் ஆட்டத்தை விடவில்லை. அயர்லாந்து, வங்கதேசம் என கிளப் போட்டிகளுக்குப் போய் ஆடினார்.

என்ன நடந்தது?

1998 பிப்ரவரி 20, டாக்கா. அபஹானி கிளப்புக்கும் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் மேட்ச். ஓவரில் மீதி 3 பந்துதான். அபஹானி அணியில் இருந்த லம்பா ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் போய் நின்றார். ஹெல்மெட் வேணுமான்னு கேப்டன் கேட்டதற்கு, வேண்டாம்னுட்டார். மெஹ்ராப் ஹொசைன் ஓங்கி அடித்த பந்து தலையில் பட்டது.

லம்பா எழுந்து நடந்தேதான் வெளியே போனார். பெரிய அடி இல்லைன்னு தோன்றியது. ஆனால் மூளையில் ரத்தக்கசிவு. ஆபரேஷன் செய்தும் பலனில்லை. பிப்ரவரி 23-ல் இறந்தார். வயது 38.

நாம கவனிக்க வேண்டியது என்ன?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கார்க் பாலில் ஆடும் பசங்களுக்கு ஐசிசி விதி கிடையாது. ஹெல்மெட் போடுவது அவங்க கையில்தான் இருக்கு. தலையில் அடிபட்டவர் நடந்து போகிறாரேன்னு விட்டுடாதீங்க. வாந்தி, மயக்கம், குழப்பம் வந்தால் உடனே 108-க்கு போன் போடுங்க. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை இரண்டு ஊருக்கும் நடுவில்தான் இருக்கு.