பொற்காசு வடித்த சிற்பி

காசு நம் கையில் நிலைப்பதில்லை. டிக்கெட் ஜன்னலில் கொடுப்பவரும் வாங்குபவரும் அதன் மதிப்பைப் பார்க்கின்றனரேயன்றி, அதில் பொறித்த உருவத்தை நோக்குவதில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் நாமும் இதற்கு விலக்கல்லோம். இவ்வாறு கவனியாது கைமாறும் ஒரு சிறு பொருளுக்காகத் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்ட மகாசிற்பி ஒருவரின் வரலாற்றை, இவ்வாண்டு மலரில் நம் சங்கத்து அன்பர்களுக்குக் கூற விழைகின்றோம்.

அகஸ்டஸ் செயின்ட் கௌடன்ஸ் 1848-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், பாதரட்சை செய்யும் தொழிலாளி. தாய் அயர்லாந்துப் பெண்மணி. அக்காலத்தில் அயர்லாந்தைக் கொடும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. ஆறு மாதக் குழந்தையை ஏந்திக்கொண்டு பெற்றோர் கப்பலேறி, அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் குடியேறினர். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த குடும்பத்தின் நிலையை நம் காலனியில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை.

பதின்மூன்றாம் வயதில், கல்லிலும் சிப்பியிலும் சிறு புடைப்பு உருவங்களைச் செதுக்கும் ஒருவரிடம் அகஸ்டஸ் தொழில் பழக விடப்பட்டார். பகலெல்லாம் பட்டறை, இரவில் கூப்பர் யூனியன் என்னும் கலாசாலையில் சித்திர வகுப்பு. 1867-ல் பாரிஸ் சென்று சிற்பம் பயின்றார். அங்கும் சிறு உருவங்கள் செதுக்கிப் பெற்ற கூலியே அவருக்குத் துணையாயிற்று. 1870-ல் ரோமாபுரி சென்றார்.

1881-ல் நியூயார்க்கில் நிறுவப்பெற்ற கடற்படைத் தளபதி ஃபாரகட்டின் சிலை அவர் கீர்த்தியை நாட்டிற்று. 1887-ல் சிகாகோவில் லிங்கன் சிலை எழுந்தது. உள்நாட்டுப் போரில் பொருத கறுப்பின வீரர் படையையும் அதன் தலைவர் ஷாவையும் காட்டும் பாஸ்டன் நினைவுச் சின்னத்துக்கு அவர் செலவிட்ட காலம் பதினான்கு ஆண்டுகள்! மனத்துக்கு நிறைவு தராத ஒன்றைக் கைவிட்டு வெளியே அனுப்ப அவர் அறியார்.

1900-ல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்னும் சிற்றூரில் தங்கி, நோயோடு போராடிக்கொண்டே பணிபுரிந்து வந்தார். அப்போது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை நாடினார். தம் தேசத்து நாணயங்கள் அழகற்றவை என்பதும், பண்டைக் கிரேக்கக் காசுகளைப்போல் உருவம் உயர்ந்து எழுந்து நிற்க வேண்டும் என்பதும் ரூஸ்வெல்ட்டின் கருத்து. முன்னர் சிகாகோ கண்காட்சிப் பதக்கம் ஒன்றில் தம் சித்திரம் ஒதுக்கப்பட்டதால் மனக்கசப்புற்றிருந்த சிற்பி, இவ்வேண்டுகோளுக்கு இசைந்தார்.

இருபது டாலர் பொற்காசு அது. எடை 33 கிராமுக்குச் சற்று அதிகம். நம் கணக்கில் நாலு பவுனுக்கு மேல். ஒரு புறம், கையில் தீபமும் ஆலிவ் கிளையும் ஏந்தி, கதிர்கள் பின்னே விரிய, நம்மை நோக்கி நடந்து வரும் சுதந்திர தேவி. மறுபுறம், உதய சூரியனுக்கு மேல் பறக்கும் கழுகு.

நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் இதனை எதிர்த்தார். வழக்கமான காசுக்கு யந்திரத்தின் ஓர் அடி போதும். இதற்கோ பலமுறை அடிக்க வேண்டியதாயிற்று. அடுக்கினால் சமமாக நில்லாது. பார்பரை நாம் குறைகூற மாட்டோம். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் காசு அடித்துத் தரவேண்டிய காரியாலயத்தின் பொறுப்பு அவருடையது. வேலை முடிய வேண்டும் என்பவருக்கும், திருந்த முடிய வேண்டும் என்பவருக்கும் உள்ள வழக்கு எல்லாக் காரியாலயங்களிலும் உண்டு.

எழுந்து நடமாடவும் வலிவிழந்த சிற்பி, தம் உதவியாளர் ஹென்றி ஹெரிங்கைக் கொண்டு அச்சுருவங்களை மீண்டும் மீண்டும் திருத்தினார். 1907 ஆகஸ்டு 3-ஆம் நாள், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். பொதுமக்கள் கைக்குக் காசு வந்து சேர்ந்தது அவ்வாண்டின் இறுதியிலேதான். அதனை அவர் காணக் கொடுத்து வைக்கவில்லை.

உயர்ந்த புடைப்புடன் ஏறக்குறைய 12,000 காசுகளே வெளிவந்தன. பின்னர்ப் பார்பர் உருவத்தைத் தாழ்த்தியமைத்தார். அவ்வடிவில் காசு 1933 வரை அடிக்கப்பட்டது. அவ்வாண்டில் பொற்காசுப் புழக்கம் நிறுத்தப்படவே, புதிதாக அடித்த நான்கரை லட்சம் அளவிலான காசுகள் உருக்கப்பட்டன. தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று 2021-ல் ஏறக்குறைய 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1986 முதல் அமெரிக்கா வெளியிடும் பொற்காசுகளில் அவருடைய தேவியே மீண்டும் நடந்து வருகின்றாள்.

நம் காலனிச் சிறுவர் சிலர் நாணயம் சேர்க்கின்றனர். ஒவ்வொன்றும் என்ன விலை பெறும் என்றே நம்மைக் கேட்கின்றனர். அதனை வடித்தவர் யார் என்றும் அவர்கள் கேட்பாராக. கைக்குழந்தையாக அந்நிய மண்ணில் வந்திறங்கிய செருப்புத் தொழிலாளியின் மகன், அந்நாட்டின் பொன்னுக்கே முகம் தந்தான் என்று பெற்றோர் அவர்கட்குச் சொல்வாராக.