பௌதிகப் பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

முருகவேள் குன்றின்மேற் கோயில்கொண்ட திருத்தணிகையிற் பிறந்த தத்துவப் பேராசிரியர் டாக்டர் ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர் என்பதை நாம் அறிவோம். அவருக்குப் பத்தாண்டு இளையராய், அக்கல்லூரியிலேயே பயின்று, பௌதிக சாஸ்திரத்தில் உலகப் புகழெய்திய மற்றொரு பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்வி கற்று, பின்னதன் ரசாயனப் பகுதியிலேயே சோதனை விளக்குநராக அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவர் எவ்வினாவையும் அவரிடம் தயங்காது வினவலாம். அவ்வுரையாடலைக் கேட்கப் பிற கல்லூரி மாணவரும் வந்து கூடினர்.

1920-இல் கல்கத்தா சென்ற கிருஷ்ணன், 1923-இல் ராமனின் ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது, உடனிருந்து உழைத்தவர் அவரே. 1930-இல் நோபெல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பெற்றது. அப்பொழுது கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்தில் வேறொரு துறையில் ஆழ்ந்திருந்தார். அதுவே படிகங்களின் காந்தத் தன்மை.

அன்னபேதியையும் மயில்துத்தத்தையும் அறியாதார் இலர். இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு ஆகிய இடைநிலை உலோகங்களின் இத்தகைய உப்புக்கள் நிறத்தால் கண்ணைக் கவர்வன. காந்தத்தாற் சிறிதளவு ஈர்க்கவும் படுவன. ஆயின், ஒரே படிகத்தில் அவ்வீர்ப்புத் திசைக்குத் திசை வேறுபடும். அந்நுண்ணிய வேற்றுமையை அளப்பது எங்ஙனம்?

கிருஷ்ணன் சிறு படிகமொன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையிற் கட்டிக் காந்தத் துருவங்களின் நடுவே தொங்கவிட்டார். அது தன் காந்தத்தன்மை மிகுந்த திசையைக் காந்தப் புலத்தோடு பொருத்தி நிற்கும். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கினால், படிகம் அதனை எதிர்த்து நிற்கும். ஏறத்தாழ 45 பாகை திரும்பியதும் ஆற்றாது திடீரெனப் புரளும். அக்கணத்தில் மேல்முனை எத்துணை முறுக்கப்பட்டிருந்தது என்பதைக்கொண்டு அவ்வேற்றுமையைக் கணக்கிட்டார்.

படிகத்தினுள் உலோக அணுவைச் சூழ்ந்துள்ளவற்றின் மின்புலமே அதன் எலெக்ட்ரான்களைக் கட்டுப்படுத்தி இவ்வேற்றுமையை விளைக்கிறது என்னும் கொள்கையை, அமெரிக்கரான வான் விளெக் முதலியோர் வகுத்துவந்த காலம் அது. கிருஷ்ணனும் அவர்தம் மாணவரும் கண்ட அளவுகள் அக்கொள்கைக்கு உரைகல்லாயின. படிகத்தை உடைக்காமலே அதன் உள்ளமைப்பை உணர வழி பிறந்தது.

1933-இல் கல்கத்தாவுக்கு மீண்டு இப்பணியைத் தொடர்ந்தார். 1940-இல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1942 முதல் அலகாபாத்திற் பேராசிரியராயிருந்து, 1947-இல் டில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் வடமொழியிலும் புலமை வாய்ந்த அவர், 1961-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் மறைந்தார்.

மாணவ நண்பர்காள்! பெரும் பரிசு பிறர்க்கு வாய்த்த காலத்தும் அவர் தம் இழையையும் படிகத்தையும் விட்டாரல்லர். நம் ஆய்வுக்கூடத்தில் மயில்துத்தத்தைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அப்பெரியாரை நினைவோமாக.