இருப்பதைக் கொண்டு நிறைவாய் வாழ்ந்த புனித அருளானந்தர்



ஜூபிலி ஆண்டில் பங்கின் வரவு செலவைச் சரிபார்க்கிறோம். நம் வாழ்க்கைக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். பழைய மதுரை மிஷனின் வேதசாட்சியாகிய புனித அருளானந்தரின் சரிதை அதற்குத் துணை செய்யும்.

1647 மார்ச் 1-ம் தேதி, லிஸ்பன் நகரில் ஓர் உயர்குடியில் ஜான் தெ பிரிட்டோ பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார். கடும் நோயுற்றபோது தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொள்ள, பிள்ளை பிழைத்தது. 1662-ல் சேசு சபையில் சேர்ந்த அவர், 1673-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இங்கே அருளானந்தர் எனும் பெயர் பூண்டு, காவியுடை தரித்த பண்டாரசுவாமியானார். புலாலும் மதுவும் நீக்கினார். சோறும் காய்கறியுமே ஆகாரம், தரையே படுக்கை. ஊர் ஊராய் நடந்து வேதம் போதித்தார்.

1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டுக் கொடிய வதைகளை அனுபவித்தார். விடுதலையான பின், மிஷன் காரியமாக லிஸ்பன் சென்றார. அப்போது பழைய தோழர் பேதுருவே அரசர். தம் மகனுக்கு ஆசிரியராக அங்கேயே தங்கும்படி அவர் விரும்பினார். அருளானந்தரோ அரண்மனையை விட்டு, 1690-ல் காவியுடைக்கே திரும்பினார்.

தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியுடன் வாழத் துணிந்ததால் பகை மூண்டது. ஓரியூர்ச் சிறையில் எழுதுகோலும் மையும் இல்லை. கரித்தூளை நீரில் குழைத்து, வைக்கோல் துரும்பால் தம் கடைசி மடலை எழுதினார். 1693 பெப்ரவரி 4-ம் தேதி தலை வெட்டுண்டார். 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அந்தத் துரும்பை நாம் மறக்கலாகாது. இல்லாததை எண்ணி அவர் கடமையை நிறுத்தவில்லை. கையிலிருந்ததைக் கொண்டு முடித்தார்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் எளிமையை விரும்பி ஏற்றார். விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் நம் சகோதரிகளுக்கோ வறுமை விரும்பாமலே வந்தது. ஆகவே கூலியைக் குறைப்பவர் இச்சரிதையைச் சாக்காகக் காட்ட வேண்டாம். நியாயமான கூலியை நாள் தவறாமல் கொடுப்பதும் புண்ணியமே.

மற்றபடி, நாம் எல்லோரும் கைக்கொள்ளத்தக்கவை மூன்று: கடன்பட்டு விருந்தும் பந்தலும் போடாதிருப்போம், காய் விலை ஏறிய ஆண்டில், இறங்கும் ஆண்டுக்கென்று கொஞ்சம் சேமிப்போம், நம் சோற்றில் ஒரு பிடி அண்டை வீட்டாருக்கும் உண்டென்று நினைப்போம்.

புனித அருளானந்தர் நம் குடும்பங்களுக்காக ஆண்டவரை மன்றாடுவாராக!

உங்கள் பங்குச்சாமி