முதுகில் ஊசி, 9 நாள் தலைவலி: தன் உடம்பிலேயே சோதித்த டாக்டர் ஆகஸ்ட் பியர்

வீட்டில் தாத்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். இந்த வயசுல முதுகுல ஊசியா என்று வீடே பதறும். இந்தக் கேள்விக்கான பதில் தேடல் 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் தொடங்கியது.

யார் இந்த பியர்?

1861-ல் ஜெர்மனியின் ஹெல்சன் என்ற ஊரில் பிறந்தவர் ஆகஸ்ட் பியர். கீல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தார். குளோரோஃபார்ம், ஈதர் கொடுத்து மயங்க வைத்த காலம் அது. வாந்தி, மூச்சுத் திணறல், சில நேரம் மரணம்கூட நடக்கும். அதே ஊரில் ஹைன்ரிக் குவின்கே என்ற டாக்டர், முதுகுத்தண்டில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை 1891-லேயே விளக்கியிருந்தார். அந்த வழியாக மருந்தை உள்ளே செலுத்தினால் என்ன என்று யோசித்தார் பியர்.

1898 ஆகஸ்ட் 16. கணுக்காலில் காசநோய் தாக்கிய 34 வயதுத் தொழிலாளி ஒருவர். ஏற்கெனவே முழு மயக்கத்தில் ரொம்ப அவதிப்பட்டவர். அவருக்கு முதுகில் கொக்கைன் கரைசல் செலுத்தப்பட்டது. வலியே தெரியாமல் ஆபரேஷன் முடிந்தது. ஆனால் பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. அடுத்தடுத்த நோயாளிகள் சிலருக்கும் இதே தொல்லை.

தானே நோயாளி ஆனார்

ஏன் இப்படி ஆகிறது? கண்டுபிடிக்கத் தன் உடம்பையே கொடுத்தார் பியர். ஆகஸ்ட் 24 அன்று, உதவியாளர் ஹில்டபிராண்ட் அவர் முதுகில் ஊசி குத்தினார். சிரிஞ்ச் ஊசியோடு சரியாகப் பொருந்தவில்லை. மருந்து வீணானது, தண்டுவட நீரும் நிறைய ஒழுகிப்போனது. உடனே ஹில்டபிராண்ட், எனக்குப் போடுங்கள் என்று முன்வந்தார். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அவர் காலில் ஊசியால் குத்தினார், சுருட்டால் சுட்டார், சுத்தியலால் அடித்தார் பியர். எதுவும் வலிக்கவில்லை!

அன்று இரவு இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாள் கதை மாறியது. உட்கார்ந்தாலே பியருக்குத் தலை வெடித்தது, படுத்தால் சரியானது. 9 நாள் நீடித்தது அந்த அவஸ்தை. ஒழுகிப்போன தண்டுவட நீர்தான் காரணமாக இருக்கும் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகம் சரிதான் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. 1899-ல் தன் அனுபவத்தை, தோல்வி உட்பட, அப்படியே எழுதி வெளியிட்டார்.

அதன் பிறகு

1907-ல் பெர்லினில் பேராசிரியர் ஆனார். கைக்கு மட்டும் சிரை (ரத்தக்குழாய்) வழியாக மருந்து செலுத்தி மரத்துப்போக வைக்கும் 'பியர் பிளாக்' முறையை 1908-ல் அறிவித்தார். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்துக்கு எஃகுத் தலைக்கவசம் வந்ததிலும் அவர் பங்கு உண்டு. கடைசிக் காலத்தில் சவன் என்ற ஊரில் காடு வளர்த்தார். 1949-ல் இறந்தார்.

இன்று தாத்தாவுக்கு என்ன ஆபத்து?

இப்போது கொக்கைன் இல்லை, ஊசியும் மெலிந்துவிட்டது. பியரை வாட்டிய தலைவலி முதியவர்களுக்குக் குறைவு, இளையவர்களுக்கே அதிகம். முதியவர்களிடம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. தேய்ந்த முதுகெலும்பில் ஊசி நுழைவதும் கடினம். சிறுநீர் தேங்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு, அரிதாக, தண்டுவடம் அருகே ரத்தம் கட்டி கால் செயலிழக்கலாம்.

முழு மயக்கத்தைவிட இது கட்டாயம் நல்லதா? இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 60 நாள் கழித்து உயிர் பிழைப்பதிலும் மறுபடி நடப்பதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குழப்ப நிலை ஏற்படுவதும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். எனவே இதயம், நுரையீரல், மாத்திரைகளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். தாத்தா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை ஒன்றுவிடாமல் அவரிடம் கொடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, கால் இன்னும் மரத்தே இருக்கிறது என்றால் உடனே சொல்லுங்கள்.