ஏழை வீடுகளை மட்டும் தேடிப்போன நோய்: பெலாக்ரா முடிச்சை அவிழ்த்த ஜோசப் கோல்ட்பெர்கர் யார்?

1916, ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஸ்பார்டன்பர்க் நகரம். ஒரு டாக்டர், நோயாளியின் ரத்தத்தை எடுத்து தன் சக டாக்டருக்கு ஊசி வழியாகச் செலுத்துகிறார். அடுத்து, அவர் இவருக்குச் செலுத்துகிறார். அதோடு விட்டார்களா என்றால், இல்லை. நோயாளிகளின் தோலில் இருந்து உதிர்ந்த செதில், சிறுநீர், மலம் எல்லாவற்றையும் மாவில் பிசைந்து, மாத்திரையாக உருட்டி விழுங்கினார்கள். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக, முன்னதாக சோடா உப்பும் எடுத்துக்கொண்டார்கள்.

படிக்கும்போதே குமட்டுகிறது இல்லையா? இதில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 16 பேர். அதில் ஒரே ஒரு பெண், அந்த டாக்டரின் மனைவி மேரி. மாத்திரை விழுங்க அவரை விடவில்லை, ரத்த ஊசி மட்டும் போட்டுக்கொண்டார். 16 பேரில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை.

நோயின் பெயர் பெலாக்ரா. டாக்டரின் பெயர் ஜோசப் கோல்ட்பெர்கர். இது தொற்றுநோய் இல்லை, இதற்குக் காரணம் தட்டில் இருக்கும் சாப்பாடு என்று சொன்னவர். அதை ஊரை நம்பவைக்க இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

மளிகைக் கடைக்காரர் மகன்

கோல்ட்பெர்கர் பிறந்தது 1874-ல், அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில், இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஒரு கிராமத்தில். யூதக் குடும்பம், ஆடு மேய்ப்பதுதான் தொழில். 1883-ல் குடும்பமே கப்பல் ஏறி நியூயார்க் வந்தது. குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் அப்பா மளிகைக் கடை போட்டார். வீடு வீடாகப் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஜோசப்பின் வேலை. எந்த வீட்டில் என்ன வாங்குகிறார்கள், என்ன வாங்க முடியவில்லை என்று பார்த்து வளர்ந்த பையன் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் சேர்ந்தது இன்ஜினீயரிங். நண்பரோடு ஒரு மருத்துவ வகுப்பில் போய் உட்கார்ந்தவர், அப்படியே மருத்துவத்துக்கு மாறிவிட்டார். 1895-ல் பட்டம். கொஞ்ச நாள் தனியார் பிராக்டிஸ், சலிப்புத் தட்டியது. 1899-ல் அரசின் மருத்துவ சேவையில் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்கப் பொது சுகாதார சேவை என்று ஆனது இதுதான்.

அங்கே அவருக்குக் கிடைத்தது கொள்ளைநோய்களைத் துரத்தும் வேலை. மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைஃபஸ் மூன்றையும் ஆராயப் போய், மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஒருமுறை பிலடெல்பியாவில் பலருக்கும் புரியாத ஒரு தோல் அரிப்பு. வைக்கோல் மெத்தைகளுக்கு நடுவே தன் கையை நீட்டி வைத்துப் பார்த்து, அதில் இருக்கும் நுண்ணிய உண்ணிதான் காரணம் என்று சட்டென்று கண்டுபிடித்துவிட்டார்.

1906-ல் மேரி ஃபாரருடன் திருமணம். மேரி, அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் உறவுக்காரர். இவரோ குடியேறி வந்த யூதர். இரு வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது.

தட்டில் என்ன இருந்தது?

பெலாக்ரா வந்தால் முதலில் வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, கருத்து, உரியும். அப்புறம் வயிற்றுப்போக்கு. அப்புறம் மனக்குழப்பம். கடைசியில் மரணம். 1906-1940 காலத்தில் அமெரிக்காவில் சுமார் 30 லட்சம் பேரை இது பாதித்தது, சுமார் 1 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் தென் மாநிலங்களில். இறந்தவர்களில் பெண்களே அதிகம், அதில் கறுப்பினத்தவரின் பங்கும் மிக அதிகம்.

கிருமிதான் காரணம் என்று டாக்டர்கள் நம்பினார்கள். கிருமிக் கோட்பாடு உச்சத்தில் இருந்த காலம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், சில குடும்பங்களின் பரம்பரைக் கோளாறு என்று சொன்ன ஆட்களும் இருந்தார்கள்.

1914-ல் இந்தப் பொறுப்பு கோல்ட்பெர்கரிடம் வந்தது. லேபுக்குள் போகாமல், நேராக மனநலக் காப்பகங்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களுக்கும் போனார். அங்கே கண்ணில் பட்டது ரொம்ப எளிமையான ஒரு விஷயம். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களைத் தொட்டுப் பராமரிக்கும் ஊழியர்களுக்கு வருவதே இல்லை. தொற்று என்றால் இப்படி ஆள் பார்த்தா வரும்?

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் இன்னும் ஒரு துப்பு. 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வந்தது. அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பெரிய பிள்ளைகள் வேலை செய்வதால் அவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. நடுவில் இருந்தவர்களுக்கு மக்காச்சோள மாவும் இனிப்புப் பாகும்தான்.

கோல்ட்பெர்கர் செய்தது ஒன்றே ஒன்று. பால், முட்டை, இறைச்சி, பயறு வகைகளைச் சாப்பாட்டில் சேர்த்தார். அங்கிருந்த இரண்டு இல்லங்களிலும் நோய் கிட்டத்தட்ட காணாமல் போனது.

கைதிகள் மீது ஒரு சோதனை

சாப்பாட்டால் குணமாகிறது என்றால் போதாது, சாப்பாட்டால் வரவும் வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்கும் அல்லவா? 1915-ல் மிசிசிப்பியின் ரேங்கின் சிறைப் பண்ணையில் அதையும் செய்தார். தானாக முன்வந்த 12 கைதிகள். சோதனை முடிந்தால் ஆளுநரின் பொது மன்னிப்பு, விடுதலை. ஒருவர் இடையில் விலக, 11 பேர் மிஞ்சினார்கள். மக்காச்சோளக் கஞ்சி, மாவுப் பண்டம், அரிசி, சர்க்கரைவள்ளி, பாகு என்று வயிறு நிறையத்தான் கொடுத்தார்கள். பால், இறைச்சி கிடையாது. சுமார் 6 மாதத்தில் 6 பேருக்கு பெலாக்ரா வந்துவிட்டது.

இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. விடுதலையைக் காட்டி வாங்கும் சம்மதத்தை, சம்மதம் என்று சொல்வதே கஷ்டம். அவரைக் கொண்டாடும்போது இதைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது.

அப்போதும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த ரத்த ஊசியும் மாத்திரையும்.

சம்பளச் சீட்டும் சமையலறையும்

என்னைக் கேட்டால், இவரின் பெரிய வேலை அந்த மாத்திரை இல்லை. அதே 1916-ல் தொடங்கிய வீடு வீடான கணக்கெடுப்புதான். இதில் அவரோடு சேர்ந்தவர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர், பொருளாதார நிபுணர். ஒரு நோயை ஆராய டாக்டரும் பொருளாதார நிபுணரும் ஒன்றாக உட்கார்ந்தது அந்தக் காலத்தில் புதுசு.

தென் கரோலினாவில் 7 பருத்தி மில் கிராமங்கள். வீடு மில்லுக்குச் சொந்தம், பல இடங்களில் கடையும் மில்லுக்குச் சொந்தம். குழுவினர் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, யாருக்காவது தோலில் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் 15 நாளில் என்ன உணவு வாங்கியது, எவ்வளவு வாங்கியது என்று எழுதினார்கள். வருமானத்தை அப்படியே எடுக்காமல், வீட்டில் எத்தனை பேர், என்ன வயது என்பதை வைத்துப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளில், 3 பேர் சாப்பிடும் வீடும் 8 பேர் சாப்பிடும் வீடும் ஒன்றாகுமா?

முடிவு தெளிவாக வந்தது. வருமானம் ஏற ஏற பெலாக்ரா குறைந்தது. வறுமையான வீடுகளில்தான் நோய் குவிந்திருந்தது. கழிப்பறை, சாக்கடை வசதிக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் வருமானம் மட்டுமே கதை இல்லை. அதே கூலி வாங்கும் கிராமங்களுக்கு இடையேகூட பெரிய வித்தியாசம். பக்கத்தில் பாலும் காய்கறியும் இறைச்சியும் விற்கும் விவசாயிகள் இருந்த ஊர் தப்பித்தது. சுற்றிலும் பருத்தி மட்டுமே விளைந்த ஊரில் கையில் காசு இருந்தாலும் வாங்கப் பொருள் இல்லை.

இந்த ஆய்வில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. அந்த மில்களில் வேலை கிடைத்தது பெரும்பாலும் வெள்ளையருக்குத்தான், எனவே கணக்கெடுப்பும் வெள்ளைக் குடும்பங்களோடு நின்றுவிட்டது. குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்த கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் ஒரே சாப்பாடு என்று எடுத்துக்கொண்டால், பெண்களுக்கு ஏன் அதிகம் வந்தது என்ற கேள்விக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் சாப்பிடுபவர் யார், பாலும் இறைச்சியும் யார் தட்டுக்குப் போகிறது என்பதை நம் வீடுகளில் பார்த்தவர்களுக்கு ஊகிக்கக் கஷ்டம் இல்லை.

எங்களைப் பட்டினி என்று சொல்வதா?

1920-ல் பருத்தி விலை சரிந்தது. அடுத்த ஆண்டு பெலாக்ரா பெருகும் என்று கோல்ட்பெர்கர் எச்சரித்தார். அதிபர் ஹார்டிங்கும் பொது சுகாதார சேவைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் உதவி கேட்டு எழுதினார். நன்றி வரும் என்று நினைத்தால், தென் மாநிலங்களிலிருந்து வந்தது கோபம். எங்கள் ஊரில் பஞ்சமா, இது அவமானம், இப்படிப் பேசினால் முதலீடு வருமா என்று அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் கொதித்தார்கள். கிருமி என்று சொல்லியிருந்தால் யார் மானமும் போயிருக்காது. கூலியும் நிலமும்தான் காரணம் என்று சொன்னதுதான் சிக்கல்.

கூலியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதனால் மலிவான மருந்தைத் தேடினார். நாய்களுக்கு வரும் கருநாக்கு நோய் பெலாக்ராவைப் போன்றது என்பதால் அதை வைத்துச் சோதித்து, மது தயாரிக்கப் பயன்படும் ஈஸ்ட் குறைந்த செலவில் குணமாக்கும் என்று காட்டினார். 1927-ல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, செஞ்சிலுவைச் சங்கம் அந்த ஈஸ்ட்டைத்தான் மக்களுக்கு விநியோகித்தது.

அந்த உணவில் இல்லாத பொருள் எது என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. 1929 ஜனவரி 17-ல் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தார். வயது 54. அஸ்தியை வாஷிங்டனில் போடோமாக் நதியில் கரைத்தார்கள்.

1937-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வேஜம் அதைக் கண்டுபிடித்தார்: நியாசின், வைட்டமின் பி3. மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு இருக்கும். மெக்சிகோ பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துச் சாப்பிட்டதால் தப்பித்தார்கள். பயிர் உலகம் முழுக்கப் போனது, அந்தச் சமையல் முறை கூடப் போகவில்லை.

1940-களில் அமெரிக்கா மாவில் நியாசின் கலக்கத் தொடங்கியது, அங்கே பெலாக்ரா மறைந்தது. நம் தக்காணப் பகுதியில் சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளிடம் இதே நோயை ஹைதராபாத்தில் இருந்து ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி.கோபாலன். 1990-ல் மலாவி முகாம்களில் இருந்த மொசாம்பிக் அகதிகள் 17,000-க்கும் அதிகமானோருக்கு பெலாக்ரா வந்தது. ரேஷனில் மக்காச்சோளம் வந்துகொண்டுதான் இருந்தது. சில மாதங்களாக வராமல் போனது வேர்க்கடலை.